சம்பந்தி வீட்டுச் சாமைச் சோறு

என் மகனுக்கு, தென்காசியிலிருந்து அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாய். மழை உண்டா, அருவியில் தண்ணீர் விழுகிறதா, என் முழங்கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில், "எம்மா, இந்த வருசம் சாரலுக்கு வரும்போது மேலகரத்துல கோமதி அத்தை வீட்டுலயே தங்கிக்கிடுதோம். உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றாய். நான் "சரிய்யா" என்றேன். நீ பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்குச் சிரமம் என்று நான் உன்னிடம் எப்போது சொன்னேன்? நீ சென்னைக்கு வேலைக்குப் போன காலத்திலிருந்து, ஆனி பிறந்தால் உன் அறை மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து, போர்வையைத் துவைத்து வைத்து, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்ற சேதி வந்ததும் உனக்குப் போன் பண்ணுகிறவள் நான். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்று ஒரு மகன் தாயிடம் சொன்னால், "உன் சமையலுக்குப் பயமாக இருக்கிறது" என்று பொருள். அது புரிகிற அளவுக்கு எனக்குப் படிப்பு உண்டு.

இதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய்; பக்கத்தில் உன் மனைவி கனகா நிற்பாள். தபாலில் எழுதினாலும் உறையைப் பிரிப்பவள் அவள்தான். உனக்கு எழுதுவதை எப்படியும் இன்னொருத்தி படிக்கத்தான் போகிறாள் என்றால் ஊரே படிக்கட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், யார் யார் என்பது அவரவருக்குத் தெரியும். உன் மாமியார் கோமதி மதினி இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறவர் என்பதையும் மறந்துவிட்டு நான் எழுதவில்லை. ஊர் படிப்பதால் உனக்குத் தெரிந்ததையே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று, கீமோ ஆயிற்று. இப்போது நோய் இல்லை. ஆனால் குறித்த காலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடவே உன் அப்பாவுக்கு இருந்த சர்க்கரையும் உனக்கு இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியிருக்கிறாய். எனக்கு நீ ஒரே பிள்ளை.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. பாளையங்கோட்டைக் கான்வெண்ட் ஹாஸ்டலில் படித்தபோது, பொறாமை பெரிய பாவம் என்று சிஸ்டர் வாரந்தோறும் சொல்லுவார். கிறிஸ்தவப் பிள்ளைகள் சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி இறக்கி வைத்துவிட்டு லேசாகத் திரும்பி வருவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் பெரும்பங்கு உன் மாமியார் கணக்கில்தான் இருக்கிறது.

உனக்கு நோய் என்று தெரிந்ததும் நீ முதலில் சொன்னது அவரிடம். "அம்மா தாங்க மாட்டா" என்று நீ சொன்னதாகக் கனகா பிற்பாடு சொன்னாள். உன் அப்பா பக்கவாதத்தில் விழுந்து கிடந்தபோது அவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டி, கடைசியில் வழியனுப்பி வைத்தவள் நான். நான் தாங்க மாட்டேன் என்று எதை வைத்து முடிவு செய்தாய்? அறுவை சிகிச்சை முடிந்து, கீமோ ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. நெய் உருக்கி, முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தேன். நெய் டப்பாவைத் திறந்த வாசனைக்கே நீ குமட்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாய். நான் டப்பாவும் கையுமாக ஹாலில் நின்றேன். அப்போது கோமதி மதினி அடுப்படியிலிருந்து பீங்கான் கிண்ணத்தில் ஆறிய கஞ்சியும், மரக்கரண்டியும் கொண்டு வந்தார். "எவர்சில்வர்ல குடுத்தா அவுகளுக்கு இரும்பு வாட அடிக்கி மதினி. அதான் பீங்கான்" என்றார். கீமோ ஏறினால் வாயில் அப்படி ஒரு ருசி நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பெற்ற நாக்கு. அதற்கு என்ன ருசி தெரிகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நீ அந்தக் கஞ்சியை முழுதும் குடித்தாய். அன்று உனக்காகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு நாளில் என்னை ஊருக்கு அனுப்பி வைத்தாய். அவர் மாதக்கணக்கில் இருந்தார்.

போன வருஷம் நீ தேறி, சாரலுக்கு நம் வீட்டுக்கே வந்தாய். அந்த வருகைக்கு நான் எப்படிக் காத்திருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐயா, நம் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. உன் அப்பா போட்டது. அருவியில் குளித்துவிட்டு வந்து சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது என்பார். அவருக்குப் பிரஷர் இருந்தது, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், கருவாட்டையும் ஊறுகாயையும் தொடாதீர்கள் என்றார்கள். வருஷம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே ஓரளவு கேட்பார். சாரல் விழுந்துவிட்டால் போதும். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பழைய குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நிற்பார். திரும்பி வரும் வழியில் புரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். "கோழியா, ஆடான்னு கேக்காதட்டி. அருவித் தண்ணி பட்ட ஒடம்புக்குக் கல்லும் செரிக்கும்" என்பார். தென்காசியில் இதை நம்பாத வீடு எது? வெளியூரிலிருந்து வருகிறவர்களே நம்புகிறார்கள். வெறும் வயிற்றோடு குளித்தால் பசி வயிற்றைக் கிள்ளும். அந்தப் பசியை நாம் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டோம்.

அவருடைய சட்டத்தோடு என்னுடையதும் ஒன்று சேர்ந்துகொண்டது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. ஹாஸ்டலில் சிஸ்டர் பின்னால் வந்து நிற்பார். வயிறு நிறைந்திருந்தாலும் தட்டு காலியாகாமல் மணி அடிக்காது. அங்கே கற்ற ஆங்கிலம் பாதி மறந்துவிட்டது, அந்தத் தட்டு மறக்கவில்லை. உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். நீ குழந்தையில் கண்ணீரோடு விழுங்கிய கவளங்களை நான் ஒழுக்கம் என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் நீ ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டியும் துவட்டாமலும் வந்து உட்கார்ந்தாய். மட்டன் சுக்கா, நாட்டுக்கோழிக் குழம்பு, கடையிலிருந்து வரவழைத்த புரோட்டா, தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, பிறகு அல்வா. நீ சாப்பிட்டாய். நான் போட்டேன். மறுபடி சாப்பிட்டாய், மறுபடி போட்டேன். கனகா உனக்கு எதிரே உட்கார்ந்து தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் நீ இடது கையை வயிற்றின் மேல், தையல் போட்ட இடத்தில், வைத்துக்கொண்டாய். நான் பார்த்தேன். கனகாவும் நிமிர்ந்து, "அத்தை, அவுகளுக்குப் போதும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்றுதான் இன்று வரை நினைக்கிறேன். அவள் சொன்னதால் இன்னொரு கரண்டி வைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் சாப்பிட்டாய். நான் ஜெயித்த மாதிரி இருந்தது.

நீ இங்கே இருந்த நாளெல்லாம் அப்படியே நடந்தது. சென்னை போய் எடுத்த சோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறியிருந்தது, எடையும் கூடியிருந்தது என்று கனகா போனில் சொன்னாள். "சாரல்ல கொஞ்சம் கூடிட்டு போல அத்தை" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இனி இந்த வாரத்துக் கதைக்கு வருகிறேன். நீ போனை வைத்த மறுநாள் காலை ஒரு ஆட்டோ பிடித்து மேலகரம் போனேன். சொல்லிக்கொள்ளாமல் போனேன், கான்வெண்டில் படித்தவள் செய்கிற காரியம் இல்லைதான். என் வீட்டில் இல்லாத எது அந்த வீட்டில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. கோமதி மதினி வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க மதினி! என்ன அதிசயமா இருக்கு. வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"ஆட்டோக்காரருக்குத் தெரிஞ்சிருந்துது" என்றேன்.

"அங்கன இருந்து இங்கன வாரதுக்கு ஆட்டோவா? நான் காலம்பற குத்தாலம் வர நடந்து போயிட்டு இப்பத்தான் வந்து காய நறுக்குதேன்."

கேட்டாயா? எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் படியேற முழங்காலைப் பிடிக்கிறேன். அவர் மூன்று பிள்ளை பெற்ற இடுப்போடு விடுவிடு என்று நடக்கிறார். என் மாத்திரை டப்பாவில் வேளைக்கு ஓர் அறை இருக்கிறது. அவர் வீட்டில் நான் பார்த்த வரை மாத்திரை டப்பாவே இல்லை. ஒருவேளை ஒளித்து வைத்திருப்பார் என்று அலமாரியைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தேன்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். எதற்கு வந்தேனோ அதற்கே கூப்பிடுகிறார், மறுப்பேனா? சிறிய தட்டு. நம் வீட்டில் அந்த அளவுத் தட்டால் குழம்புச் சட்டியை மூடுவோம். பாதித் தட்டுக்குக் கீரையும் அவரைக்காயும் வெள்ளரியும். மீதியில் கொஞ்சம் சாமைச் சோறு, தட்டைப்பயற்றுக் குழம்பு, ஒரு துண்டு மீன். குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கவில்லை. முதலில் காயைச் சாப்பிடச் சொன்னார். நோயாளிச் சாப்பாடு என்று ஏளனமாகத்தான் வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது. இதை எழுதும்போது என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நன்றாக இருந்தது. மிளகும் சீரகமும் வறுத்து அரைத்து, புளியை அளவாக விட்டு, எந்த இடத்திலும் கையைக் குறைத்த மாதிரி தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டா மதினி?" என்றார். "வேண்டாம்" என்றேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஐயா, நம் வீட்டில் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் பரிமாறலே ஆரம்பிக்கும். ஒருவர் வேண்டாம் என்றால் அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள் என்பதை நான் இந்த வயதில், அந்தச் சின்னத் தட்டின் முன்னால் தெரிந்துகொண்டேன். உனக்கு அந்த வீடு ஏன் பிடிக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது. சாமைச் சோற்றுக்காக நீ போகவில்லை. அங்கே உன் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது.

கை கழுவ அடுப்படிக்குப் போனபோது இரண்டாவது அடுப்பில் ஏதோ கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"முள்சீத்தா எல மதினி. குத்தாலத்துல பழக்கடைக்காரர்கிட்ட சொல்லி வச்சு வாங்குதேன். இது எனக்கு. மாப்பிள்ளைக்குக் காயவச்சு மெட்ராசுக்கும் அனுப்புதேன். தெனமும் குடிக்காக. பாருங்க, நோவு போன எடம் தெரியல! இந்தத் தடவ ஸ்கேனக்கூட பெறகு பாத்துக்கிடலாம்னு தள்ளி வச்சுட்டாகளாம். நல்லா இருக்குத மனுசன் என்னத்துக்குச் சும்மா சும்மா அந்த மிசினுக்குள்ள போயிப் படுக்கணும்?"

முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. பிசகே இல்லாத அந்த அம்மாளிடம் ஒரு பிசகு கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அந்த ஈரக் கையோடு நின்றுகொண்டு, நான் சிரித்தேனோ என்னவோ. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னதன் பின்பாதி என் காதில் ஏறியது. ஸ்கேனைத் தள்ளிப் போட்டுவிட்டாய். உனக்கு நோய் வந்தபோது என்னிடம் மறைத்த மாதிரியே இதையும் மறைத்திருக்கிறாய். அப்போதுதான் பயம் வந்தது. பயத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்ததே, அதுதான் அன்றிலிருந்து என்னை அரிக்கிறது.

மேலகரத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல், எனக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டரிடம் நேராகப் போனேன். சின்னப் பெண்தான், கெட்டிக்காரி. "என்ன ஆச்சி, தேதி இன்னும் வரலையே?" என்றாள்.

"என் சக்கரை கெடக்கட்டும். நான் கேக்குததுக்கு ஒண்ணொண்ணா பதில் சொல்லு" என்றேன்.

"சண்டைக்குச் சாட்சி தேடி வந்திருக்கிய போல" என்று சிரித்தாள்.

உன் கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். முதலில் கஷாயத்தைத்தான் கேட்க நினைத்திருந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "எம் பிள்ளைக்கு இந்த நோவு வந்தது நான் போட்ட சோத்தாலயா?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை நாளும் அந்தக் கேள்விதான் எனக்குள் இருந்திருக்கிறது. கோமதி மதினியின் ஒவ்வொரு கீரைக் கூட்டும் என் அடுப்புக்கு எதிராகச் சொல்லப்பட்ட தீர்ப்பு மாதிரி எனக்குத் தோன்றியதும் அதனால்தான்.

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என் பக்கம் உட்கார்ந்தாள். "ஆச்சி, ஒரு தட்டக் காட்டி இதாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அளவாச் சாப்பிட்டு, தெனமும் நடந்தவங்களுக்கும் வருது. கண்டபடி சாப்பிட்டவங்களுக்கு வராமலும் போகுது" என்றாள். நான் நிம்மதியாக எழுந்திருக்கப் பார்த்தேன். "உக்காருங்க, இன்னும் முடிக்கல" என்றாள். ஒரு தட்டைச் சொல்ல முடியாது, ஆனால் வருஷக்கணக்கான பழக்கத்தைச் சொல்ல முடியும் என்றாள். உடம்பு எடை கூடுவது, உட்கார்ந்தே இருப்பது, சிகரெட், குடி, ஆட்டுக்கறி மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியை அளவில்லாமல் தின்பது, காயும் கீரையும் பயறும் குறைவாக இருப்பது, இவையெல்லாம் பெருங்குடல் புற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஏறக்குறைய இதே பாதைதான். உப்பு மட்டும் பிரஷருக்குக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. கோட்டைப் போட்டு, இதற்கு அந்தப் பக்கம் நோய், இந்தப் பக்கம் சுகம் என்று சொல்ல முடியாது. வாய்ப்பு கூடும், குறையும், அவ்வளவுதான் என்றாள்.

"வந்து சரியானவங்களுக்கு?" என்றேன்.

அங்கேதான் இது இன்னும் முக்கியம் என்றாள். சிகிச்சை முடிந்தவர்கள் தினமும் நடந்து, எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, காய்கறியும் முழுத் தானியமும் பயறும் கூட்டிச் சாப்பிட்டால் நல்லபடியாக நீடித்து வாழ்கிற வாய்ப்பு கூடுவதாகத்தான் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அதிலும் நடையைத் தவற விடவே கூடாது என்றாள். "ஆனா ஆச்சி, இதெல்லாம் வைத்தியத்துக்குத் துணை. வைத்தியத்துக்குப் பதில் இல்ல. சாப்பாடு ஸ்கேன் எடுக்காது. திரும்பி வந்தா சின்னதா இருக்கும்போதே பிடிக்கத்தான் ஸ்கேன் வச்சிருக்கு. அண்ணன உடனே போகச் சொல்லுங்க." முள்சீத்தா இலை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் கிடையாது, நீ சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரையோடு அது எப்படிச் சேரும் என்பதும் தெரியாது, அதை நிறுத்திவிட்டு, இத்தனை நாள் குடித்ததை உன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றாள்.

இதுவரை எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கும்போது உன் அப்பாவுக்காக ஒரு கேள்வி கேட்டேன். அருவியில் குளித்தால் எல்லாம் செரித்துவிடும் என்பார்களே, அது உண்மைதானே என்றேன்.

"செரிக்கும் ஆச்சி. செரிச்சது எங்க போகும்? ஒடம்புக்குள்ளதான போகும்? அருவியோடயா போகும்?"

ஐம்பது வருஷம் ஒரு வீடு நம்பிய சட்டத்தை அந்தப் பெண் மூன்று கேள்வியில் முடித்துவிட்டாள். அதோடு விட்டாளா? என் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். நானும் தினமும் நடக்க வேண்டுமாம். முழங்கால் வலிக்கு உட்கார்ந்தே இருப்பது மருந்து இல்லையாம். கோமதி மதினியின் சாப்பாட்டு முறை சரிதான் என்றும் சொன்னாள். என் முகம் எப்படிப் போயிற்றோ, "ஆனா சாமையும் அளவுக்கு மேல போனா சக்கரை ஏறத்தான் செய்யும்" என்று சேர்த்துக்கொண்டாள். எனக்காகத்தான் சேர்த்தாள் என்று தெரிந்தும் அதை நான் பத்திரமாக எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மறுபடி மேலகரம் போனேன். ஒரே நாளில் இரண்டு தடவை அந்த வீட்டுக்கு நான் போனது உன் கல்யாணத்தின்போதுகூட நடந்ததில்லை. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. கோமதி மதினி முழுதும் கேட்டார். முகம் வெளிறிவிட்டது. "நான் நல்லதுன்னு நெனச்சுல்லா மதினி குடுத்தேன்" என்றார். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த இலைகளையெல்லாம் வாரி, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"நீங்க புரோட்டாவக் குடுத்திய. நான் எலையக் குடுத்தேன். நல்ல வேள, மாப்பிள்ள கெட்டியான ஒடம்பு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதனால் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அது அப்படியே இருக்கிறது. சிரித்தபோதுகூட அவருக்குப் பல் எல்லாம் சொந்தப் பல் என்பதைக் கவனித்தேன்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நீ இலையை நம்பி ஸ்கேனைத் தள்ளி வைத்தாய் என்று கோமதி மதினி நினைக்கலாம், கனகா நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. நீ படிக்கிற காலத்தில் ரிசல்ட் வருகிற அன்று காலையில் வயிற்றுவலி என்று போர்த்திக்கொண்டு படுப்பாய். பாஸாகத்தான் போகிறாய் என்று தெரிந்தும் படுப்பாய். இப்போதும் அதே போர்வைதான், இந்தத் தடவை முள்சீத்தா இலையில் நெய்தது. அன்றைக்கு நான் போர்வையை உருவி, முகத்தைக் கழுவ வைத்து, போர்டைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். இன்றைக்கு அவ்வளவு தூரம் கை நீளவில்லை. அதனால்தான் ஊர் பார்க்க எழுதுகிறேன். இந்த ஒரு விஷயத்தை உன் மாமியார் செய்ய முடியாது. அவர் உன்னை மாப்பிள்ளை என்று மரியாதையாகப் பேச வேண்டியவர். கனகா செய்தால் நீ கோபிப்பாய். உன்னை "ஏலே, எந்திரிலே" என்று அதட்டுகிற உரிமை இந்தப் பூமியில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்கேனை எடு. என்ன வந்தாலும் எனக்கு முதலில் சொல். நான் தாங்குவேன்.

எடுத்துவிட்டு ஊருக்கு வா. மேலகரத்திலேயே தங்கிக்கொள். அங்கேயே சாப்பிடு. சின்னத் தட்டில் சாப்பிடு. மிச்சம் வைக்கத் தோன்றினால் வை. நான் உன்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டேன். நீ இருக்கும் நாளெல்லாம் உன் பொருட்டு என் அடுப்பில் ஒன்றும் ஏறாது. சோற்றை நான் கோமதி மதினிக்குக் கொடுத்துவிட்டேன். இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தேன் என்பதையும் அவர் படித்துக்கொள்ளட்டும்.

ஆனால் நடை என்னுடையது. அதைப் பங்கு போட மாட்டேன். காலையில் நீ மேலகரத்திலிருந்து தென்காசி ரோட்டில் கிளம்பு. நான் இங்கிருந்து கிளம்புகிறேன். இந்த மூன்று நாளாக நடந்து பார்க்கிறேன். முதல் நாள் தெருமுனையோடு திரும்பினேன், இன்று சிற்றாற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வரை போய்விட்டேன். நீ வருவதற்குள் பாலத்தை எட்டிவிடுவேன். அங்கே நில். நான் மெதுவாகத்தான் வருவேன், ஆனால் வந்துவிடுவேன். கனகா தூங்கட்டும், பாவம், உனக்காக ஓடி ஓடி அலுத்தவள். கோமதி மதினி குற்றாலத்துப் பக்கமே நடக்கட்டும். அவருக்கு அதுதான் பழக்கம்.

சாரல் தூறிக்கொண்டிருக்கும். ஒரு குடை போதும். அதை நான் கொண்டு வருகிறேன்.

அம்மா